52-இல் 17 போனால்: சிறு குழுவில் கணக்கு கற்பிப்பதன் உள்விவரம்

52-இல் இருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லி நான்கு பிள்ளைகளிடம் கொடுத்தால், நான்கு விதமான தாள்கள் திரும்பி வரலாம். ஒன்றில் விடை 45. இன்னொன்றில் 36. மூன்றாவதில் 69. நான்காவதில் 35 என்ற சரியான விடை இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை பக்கம் முழுக்க 52 கோடு போட்டு, 17 கோட்டை அடித்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக எண்ணி அதை எழுதியிருக்கும். திருத்தும்போது முதல் மூன்றுக்கும் தவறு, நான்காவதற்குச் சரி. அதோடு நோட்டை மூடிவிடுவோம்.

கொஞ்சம் நின்று பார்த்தால் வேறு கதை தெரியும். 45 எழுதிய பிள்ளை ஒன்றுகள் இடத்தில் 7-இல் இருந்து 2-ஐயும், பத்துகள் இடத்தில் 5-இல் இருந்து 1-ஐயும் கழித்திருக்கிறது. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை, எப்போதும் பெரியதில் இருந்து சிறியதைக் கழிக்கிறது. 36 எழுதிய பிள்ளை பின்னோக்கி எண்ணியிருக்கிறது. அப்படி எண்ணும்போது 52-ஐயே முதல் அடியாகக் கணக்கில் வைத்துவிட்டதால் ஒன்று கூடிவிட்டது. 69 எழுதியது கூட்டிவிட்டது, குறியைப் பார்க்கவில்லை. கோடு போட்ட பிள்ளைக்குக் கழித்தல் என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். ஆனால் 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்று அதற்கு இன்னும் ஆகவில்லை. 352-இல் இருந்து 117-ஐக் கழிக்கச் சொன்னால் அதன் வழி நின்றுபோகும்.

நான்கு பேருக்கும் தேவைப்படுவது நான்கு வெவ்வேறு உதவிகள். 'கடன் வாங்கிக் கழித்தல்' பாடத்தை இன்னொரு தடவை கரும்பலகையில் மெதுவாக நடத்தினால், நால்வரில் ஒருவருக்குக்கூட அது நேராகப் போய்ச் சேராது.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகள் கழித்தலில் செய்யும் தவறுகளில் கணிசமானவை கவனக்குறைவால் வருபவை அல்ல என்று அவர்கள் காட்டினார்கள். பிள்ளை ஒரு விதியைக் கொஞ்சம் பிசகாகப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பிசகான விதியை மிகவும் ஒழுங்காக, ஒவ்வொரு கணக்கிலும் பின்பற்றுகிறது. விதி எதுவென்று கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த கணக்கில் என்ன விடை எழுதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சிறு குழுக் கற்பித்தலின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆள் குறைவு, சத்தம் குறைவு, வேகம் குறைவு என்பவையெல்லாம் நல்லவைதான், ஆனால் அவற்றால் மட்டும் கணக்கு வந்துவிடாது. மூன்று நான்கு பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, விடை எப்படி வந்தது என்பதை ஆசிரியரால் கண்ணால் பார்க்க முடிகிறது, காதால் கேட்க முடிகிறது. முழு வகுப்பின் முன் நிற்கும்போது அது முடியாது. அந்தப் பார்வையைப் பயன்படுத்தாத சிறு குழு, பெரிய வகுப்பின் சின்னப் பதிப்பாகவே இருந்துவிடும்.

உள்ளடக்கிய வகுப்பறையில் இதற்கு இன்னும் ஒரு கனம் உண்டு. 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைப்பதை அடிப்படைக் கொள்கையாக அறிவித்தார்கள். 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு அதையே உரிமையாக எழுதி வைத்தது. அதனால் பல நாடுகளில் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். ஆனால் கணக்குப் பாடவேளையில் ஒரு பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால், அது வகுப்பறைக்குள் இருக்கிறது, கணக்குக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பிள்ளையைக் கணக்குக்குள் கொண்டுவர நமக்கு இருக்கும் நடைமுறை வழிகளில் முதன்மையானது சிறு குழு.

எண் எங்கே பிடிபடாமல் போகிறது

'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சொல்லத் தெரிந்தால் எண்ணத் தெரிந்துவிட்டது என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறோம். ரோச்சல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் எண்ணுதலை ஐந்து கொள்கைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண் பெயர்தான். எண் பெயர்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எந்தப் பொருளையும், கண்ணுக்குத் தெரியாததைக்கூட, எண்ணலாம். எந்தப் பக்கத்தில் இருந்து தொடங்கினாலும் மொத்தம் ஒன்றுதான்.

படித்தால் ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் ஏழு மணிகளை அழகாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் மறுபடியும் முதலில் இருந்து எண்ணத் தொடங்கும். கடைசியில் சொன்ன ஏழுதான் மொத்தம் என்பது அவர்களிடம் இன்னும் உருவாகவில்லை. இந்தப் பிள்ளைக்கு 7 + 5 கற்றுக்கொடுப்பதில் பயன் இல்லை. ஏழில் நின்று அங்கிருந்து எட்டு, ஒன்பது என்று தொடர வேண்டுமானால், ஏழு என்பது ஒரு முழு அளவாக மனதில் நிற்க வேண்டும். வயது பத்து ஆகியிருந்தாலும், வகுப்பு ஐந்து ஆகியிருந்தாலும், இந்த இடத்தில் தடை இருந்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு எண்ணின் அளவே சரியாகப் படுவதில்லை. தரையில் மூன்று புள்ளிகள் கிடந்தால் நம்மில் பெரும்பாலோர் எண்ணாமலேயே மூன்று என்று சொல்லிவிடுவோம். இவர்கள் மூன்றைக்கூட எண்ணித்தான் சொல்வார்கள். எட்டு பெரியதா ஆறு பெரியதா என்றால் யோசிப்பார்கள். இந்த வகைச் சிரமத்தை ஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஸ்க் 1974-இல் விரிவாக வரையறுத்தார். இன்று இதை டிஸ்கால்குலியா என்கிறோம். நூறு பிள்ளைகளில் சுமார் 3 முதல் 7 பேருக்கு இது இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. இதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தம் இல்லை. நன்றாகக் கதை எழுதும், அருமையாகப் பேசும் பிள்ளைக்கும் இது இருக்கலாம்.

அடுத்தது, கணக்கு போடும்போது மனதில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டியவை. 52 − 17 என்ற சின்னக் கணக்கிலேயே எத்தனை படிகள் என்று பாருங்கள். 2-இல் 7 போகாது என்று கவனிக்க வேண்டும். பக்கத்துப் பத்தை உடைக்க வேண்டும். 5 இப்போது 4 என்று நினைவில் வைக்க வேண்டும். 2 இப்போது 12 ஆகிவிட்டது. 12-இல் 7 போனால் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும்போது அந்த 4-ஐ மறக்கக்கூடாது. 12 − 7 மனப்பாடமாக வராத பிள்ளை அதை விரல் விட்டு எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் 4 காணாமல் போயிருக்கும். கவனக்குறைவு மிகையியக்கம் (ADHD) உள்ள பிள்ளைகளிடம் இது அடிக்கடி நடக்கும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு 'கவனமே இல்லை' என்று தோன்றும். உண்மையில் அந்தப் பிள்ளை ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட்டிருக்கிறது. இடைவிடையை ஓரத்தில் எழுதி வைக்க ஒரு பெட்டி வரைந்து கொடுத்தாலே சில பேரின் தவறுகள் பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதை நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்ததை வைத்திருப்பது எளிது. பலருக்குக் காது கேட்பதிலும் குறை இருக்கும். வாயால் சொல்லும் வாய்ப்பாட்டை மட்டும் நம்பினால் அவர்கள் வெளியே நிற்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை கணக்கீட்டில் வேகமாக இருந்து, அதையே கதையாகக் கொடுத்தால் தடுமாறலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் நிம்மதியாக உட்காரும். பார்வை இல்லாத பிள்ளைக்கு மணிச்சட்டமே பேனாவும் தாளும். சாதாரண மணிச்சட்டத்தில் கை பட்டால் மணிகள் நழுவிவிடும் என்பதால், டெரன்ஸ் கிரான்மர் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் பின்பக்கம் மென்துணி வைத்து மணிகள் நின்ற இடத்தில் நிற்கும்படி ஒன்றை உருவாக்கினார். இன்றும் அது உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளையால் சின்ன மணிகளைப் பிடிக்க முடியாமல் இருக்கலாம். பெரிய கட்டைகள் போதும், அல்லது மூன்று விடைகளை அட்டையில் எழுதி வைத்துக் கண்ணால் காட்டச் சொன்னால் போதும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவச் சான்றிதழில் இருக்கும் பெயர், பிள்ளையிடம் பாடத்தை எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்று ஓரளவு சொல்லும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கில் எது தெரியும், எது தெரியாது என்று சொல்லாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாரை யாரோடு உட்கார வைப்பது

குழு அமைப்பதில் நடக்கும் பெரிய பிசகு, சான்றிதழ் உள்ள பிள்ளைகளை எல்லாம் ஒரு மேசையில் சேர்ப்பது. அதற்கு அடுத்தது, மதிப்பெண் குறைந்தவர்களை எல்லாம் ஒரு மேசையில் சேர்ப்பது. இரண்டிலும் குழுவுக்குப் பொதுவான கணக்குச் சிக்கல் எதுவும் இருக்காது. ஒருவருக்கு இட மதிப்பு புரியாது, இன்னொருவருக்குக் குறி தெரியாது, மூன்றாமவருக்கு எழுத்தே படிக்க வராது. ஆசிரியர் நடுவில் தவித்துப் போவார்.

ஒரு குறிப்பிட்ட சிக்கலை வைத்துக் குழு அமைப்பதுதான் சரி. மேலே சொன்ன 45 எழுதியவர்கள் வகுப்பில் நான்கு பேர் இருக்கலாம். அதில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம், இன்னொருவருக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம், மற்ற இருவருக்கும் எந்தச் சான்றிதழும் இல்லாமல் இருக்கலாம். அந்த நான்கு பேருக்கும் இப்போது தேவை ஒன்றுதான். இப்படிச் சேர்க்கும்போது, அந்த மேசைக்குப் போவது யாருக்கும் அவமானமாக இருக்காது. குழு இரண்டு மூன்று வாரம் நடக்கும், சிக்கல் தீர்ந்ததும் கலையும், வேறு சிக்கலுக்கு வேறு குழு வரும். ஆண்டு முழுக்க அதே நான்கு பேர் அதே மேசையில் இருந்தால், அது வகுப்பறைக்குள்ளேயே கட்டிய தனி வகுப்பறை. பிள்ளைகள் அதை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டுவிடுவார்கள், குழுவுக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் சரி.

அளவைப் பொறுத்தவரை மூன்று முதல் ஐந்து பேர், 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது. ஐந்தைத் தாண்டினால் ஒவ்வொருவர் கையும் என்ன செய்கிறது என்று பார்க்க முடியாது. வாரம் ஒருநாள் மட்டும் ஒரு மணி நேரம் என்பதைவிட, அடிக்கடி கொஞ்ச நேரம் என்பதே நிற்கும்.

கையில் இருந்து தாளுக்கு

எண்களைக் கையால் தொட்டுக் கற்பது என்ற வழக்கத்தின் வரலாறு பலருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் எட்வார்ட் செகன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகத் தொட்டுணரும் கருவிகளைச் செய்தார். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோம் நகரில் அதே போன்ற பிள்ளைகளுக்குக் கற்பித்த மரியா மாண்டிசோரி அவற்றைப் படித்து, மேம்படுத்திப் பயன்படுத்தினார். 1907-இல் பொதுவான பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளிக்கு அந்த முறை பிறகுதான் வந்தது. அதன் பின் 1952-இல் பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குவிசனேர் ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரையிலான வண்ணக் குச்சிகளை அறிமுகப்படுத்தினார். ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் சோல்டான் டீன்ஸ் இட மதிப்புக் கட்டைகளைப் பரப்பினார். ஆக, கணிதக் கருவிகளின் இந்தப் பெரிய மரபு சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளிடம் தொடங்கி எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. கருவிகள் 'முடியாதவர்களுக்கு' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வரும்.

1960-களில் ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்: முதலில் செயல், பிறகு படம், பிறகு குறியீடு. 1980-களில் சிங்கப்பூர் தன் கணிதப் பாடத்திட்டத்தையே இந்த வரிசையில் அமைத்தது. சிறப்புக் கல்வியிலும் இந்த மூன்று படி முறைக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது.

45 எழுதிய அந்த நான்கு பேரை வைத்தே இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொருவரிடமும் பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டுகளும் தனியாக இரண்டு குச்சிகளும் இருக்கின்றன. கட்டுகளை அவர்களே எண்ணிக் கட்டியிருக்க வேண்டும். ஆசிரியர் கட்டிக் கொடுத்தால் உள்ளே பத்து இருப்பது அவர்களுக்கு வெறும் செய்தியாக நின்றுவிடும். "17 குச்சி எனக்குக் கொடு" என்கிறார் ஆசிரியர். பிள்ளை ஒரு கட்டைக் கொடுக்கிறது. இன்னும் ஏழு வேண்டும், கையில் இருப்பதோ இரண்டு. இங்கே ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது ஒருவர் ஒரு கட்டைப் பிரிப்பார். மற்றவர்கள் பார்ப்பார்கள். 'பிரிக்கலாமா?' என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விதான் பாடம். பிரித்த பிறகும் மொத்தம் 52-தானா என்று கேட்டால், ஒருசிலர் எண்ணிப் பார்த்துத்தான் நம்புவார்கள். எண்ணட்டும்.

'கடன் வாங்குதல்' என்று சொல்வதைவிட 'கட்டைப் பிரித்தல்' என்று சொல்வது நல்லது என்பது என் கருத்து. கடன் என்றால் வெளியில் இருந்து ஏதோ வருகிறது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வரும். இங்கே வெளியில் இருந்து எதுவும் வரவில்லை. தன்னிடம் இருந்ததையே வேறு உருவில் மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு குச்சிகள் இருக்கும்போதே பக்கத்தில் படம் வரும். பத்துக்கு ஒரு நீளக் கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. குச்சியில் ஒரு கட்டைப் பிரித்ததும் படத்தில் ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளிகள் போட வேண்டும். அதற்கும் பிறகு எண்கள் வரும். 5-ஐ அடித்து 4 எழுதும்போது, "இந்த 4 எங்கே இருக்கிறது, குச்சியில் காட்டு" என்று கேட்க வேண்டும். பல வகுப்புகளில் விட்டுப்போவது இந்த இணைப்புதான். ஒரு நாள் குச்சி, மறுநாள் குச்சியை உள்ளே வைத்துவிட்டு நேராக எண். பிள்ளைக்கு அவை இரண்டும் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகள். குச்சியில் 35 என்று சரியாகச் சொன்ன பிள்ளை தாளில் மறுபடியும் 45 எழுதுவதற்குக் காரணம் இதுவே. மூன்று உருவங்களும் சில நாட்கள் ஒரே மேசையில் சேர்ந்து இருக்க வேண்டும். அப்புறம் குச்சி மெல்ல விலகலாம். தேவைப்படும் பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும், அதை எடுப்பதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

36 எழுதிய பிள்ளைக்குக் குச்சிக் கட்டைவிட எண்கோடுதான் ஏற்றது. 52-இல் விரலை வைத்து, ஒரு தாவலுக்கு ஒரு எண் என்று தாவினால், தொடங்கிய இடம் ஒரு தாவல் இல்லை என்று அதுவே கண்டுபிடிக்கும். எண்கோட்டின் வலிமைக்கு ராபர்ட் சீக்லர், கீதா ராமானி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள், ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்ட பலகை விளையாட்டை விளையாடினார்கள். நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். எண்களின் அளவைப் பற்றிய அவர்களின் புரிதல் தெளிவாக உயர்ந்தது. எண்களுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த பலகையில் விளையாடியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

பேச விடுதல்

1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், பென்னி என்று பெயர் மாற்றிக் குறிப்பிட்ட 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பென்னி தனிநபர் பாடத்திட்டத்தில் படித்தான். அவனவன் வேகத்தில் பணித்தாள்களை முடிக்க வேண்டும், விடைகளைச் சரிபார்க்க வேண்டும், அடுத்த தாளுக்குப் போக வேண்டும். வகுப்பிலேயே நன்றாக முன்னேறுபவன் என்று ஆசிரியர் நினைத்தார். எர்ல்வாங்கர் உட்கார்ந்து பேசியபோது, 2/10 என்பது 1.2 என்றான் பென்னி. 5/10 என்பது 1.5. மேலே கீழே இருப்பதைக் கூட்டிப் புள்ளி வைப்பதுதான் அவன் விதி. கணக்கு என்பது யாரோ எப்போதோ போட்ட விதிகளின் தொகுப்பு என்று அவன் நம்பினான்.

பென்னிக்கு எந்தக் குறைபாடும் இல்லை. ஆனாலும் உள்ளடக்கிய வகுப்பில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'தனிக் கவனம்' என்ற பெயரில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் எளிமையாக்கப்பட்ட ஒரு பணித்தாளாகத்தான் இருக்கிறது. தாள் எவ்வளவு எளிமையாக இருந்தாலும், அது பிள்ளை சொல்வதைக் கேட்காது.

குழுவில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு?" என்பதைவிட "எப்படி?" என்பதே. விடை சரியாக இருக்கும்போதும் கேட்க வேண்டும். தவறும்போது மட்டும் கேட்டால், 'எப்படி' என்ற சொல்லே 'தப்பு' என்ற பொருளைத் தந்துவிடும். கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். 1970-களில் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பேச்சில் தாமதம் உள்ள பிள்ளைக்கு மூன்று விநாடிகூடப் போதாது. பத்து விநாடி மௌனம் ஆசிரியருக்கு நீளமாகத் தோன்றும். அந்தப் பிள்ளைக்கு அது தேவையான நேரம். வாயால் சொல்ல முடியாதவர் குச்சியால் காட்டலாம், சைகையில் சொல்லலாம், படம் வரையலாம். விளக்கம் என்பது பேச்சாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

எல்லோரையும் தாங்களாகவே கண்டுபிடிக்க விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கில் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் தெளிவான, படிப்படியான நேரடிக் கற்பித்தல் வேண்டும் என்று ஆய்வுகள் ஒருமித்துச் சொல்கின்றன. அமெரிக்காவின் கல்வி அறிவியல் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியின் முதல் பரிந்துரையே அதுதான். ஆசிரியர் ஒரு கணக்கை முழுதாகச் செய்து காட்டி, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லி, அடுத்ததைச் சேர்ந்து செய்து, அதற்கடுத்ததைப் பிள்ளையிடம் விடலாம். கட்டைப் பிரிக்கும் அந்த ஒரு கணத்தில் மௌனமாக இருப்பதும், எழுதும் முறையைத் தெளிவாகக் காட்டுவதும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து நடக்க வேண்டியவை.

கதையாக வரும் கணக்கு

வார்த்தைக் கணக்கில் 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று சொல்லிக் கொடுப்பது பலரிடம் இருக்கும் பழக்கம். உடனே பலன் தெரிவதால் அது விடாமல் தொடர்கிறது. ஆனால் இதைப் பாருங்கள்: 'ஒரு பையனிடம் 9 பென்சில்கள் இருக்கின்றன. அவனிடம் அக்காவைவிட 4 பென்சில் அதிகம். அக்காவிடம் எத்தனை?' 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்த பிள்ளை 13 என்று எழுதும். கதையைப் பிடித்த பிள்ளை 5 என்று எழுதும். குறிப்புச் சொல் முறை கதையைப் படிக்காமல் இருக்கப் பழக்குகிறது.

இதைவிட நல்ல வழி, கதையின் அமைப்பைப் பார்க்கப் பழக்குவது. கூட்டல் கழித்தல் கதைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் வந்துவிடும். இருந்தது கூடியது அல்லது குறைந்தது, இரண்டு பகுதிகள் சேர்ந்து ஒரு முழுமை, இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் உண்டு. மேலே சொன்ன கணக்குக்கு ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள் வரைந்தால் போதும், எது நீளம் என்று தெரிந்துவிடும். முதல் சில நாட்கள் எண்களையே எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லலாம்: 'அவனிடம் சில பென்சில்கள் இருக்கின்றன, அவனிடம் அக்காவைவிட அதிகம்.' யாரிடம் குறைவு என்று மட்டும் கேளுங்கள். கணக்கீட்டின் பயம் இல்லாமல் கதை நிற்கும். படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குக் கதையை வாசித்துக் காட்டலாம். அங்கே சோதிப்பது வாசிப்பை அல்ல.

வேகம்

கடிகாரத்தை வைத்துக் கணக்கு போட வைப்பது பற்றி இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 12 − 7 உடனே வந்தால் மனதில் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும். அதனால்தான் மேலே சொன்ன 2021 வழிகாட்டி நேரம் வைத்த பயிற்சிகளையும் பரிந்துரைக்கிறது. மறுபக்கம், கணக்குப் பயம் மனதில் பிடித்து வைக்கும் திறனையே தின்றுவிடும் என்பதை மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் காட்டியிருக்கிறார்கள். என் நிலைப்பாடு இது: பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கு மட்டும் நேரம் வைக்கலாம். தன் நேற்றைய எண்ணிக்கையோடு மட்டும் போட்டி. அடுத்தவர் பார்க்கும் பலகையில் எழுதக்கூடாது. இன்னும் எண்ணி எண்ணிக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கடிகாரம் எதையும் கற்றுக்கொடுக்காது.

குழு நடக்கும் நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் எல்லா ஆசிரியர்களும் முதலில் கேட்கும் கேள்வி. சிறப்பாசிரியர் ஒருவர் வகுப்புக்குள் இருந்தால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அவர் எப்போதும் சிறப்புத் தேவைப் பிள்ளைகளோடும், வகுப்பாசிரியர் எப்போதும் மற்றவர்களோடும் என்று உறைந்துவிடக் கூடாது, முறை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவரே இருந்தால், மற்றவர்களுக்குக் கொடுக்கும் வேலை ஏற்கெனவே பழகியதாக இருக்க வேண்டும். புதிய பாடத்தைத் தனியாகச் செய்யக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் மேசைக்கு வந்துவிடுவார்கள். குழுவுக்காக ஒரு பிள்ளை முழு வகுப்பின் புதிய கணக்குப் பாடத்தை இழக்கவும் கூடாது. இழந்தால் ஒரு இடைவெளியை அடைக்கும்போதே இன்னொன்று திறந்துகொள்ளும்.

எப்போது குழுவை விட்டு வெளியே வரலாம் என்பதை உணர்வால் முடிவு செய்யாமல் பதிவால் முடிவு செய்ய வேண்டும். ஸ்டான்லி டெனோ 1970-களின் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சக ஆய்வாளர்களோடு தொடங்கிய எளிய வழி இதற்கு உதவும்: வாரம் ஒருமுறை, இரண்டே நிமிடம், ஒரே அளவு கடினமான சில கணக்குகள், சரியானவற்றின் எண்ணிக்கையை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்பது. இங்கே கடிகாரம் ஆசிரியருக்கான அளவுகோல் மட்டுமே. மூன்று நான்கு புள்ளிகள் தொடர்ந்து ஏறினால் வழி சரி. தட்டையாக இருந்தால் மாற்ற வேண்டியது கற்பிக்கும் வழியைத்தான். எண்ணிக்கையோடு ஒரு வரிக் குறிப்பும் சேர்ந்தால் மிகவும் நல்லது: 'இன்று கட்டைத் தானாகப் பிரித்தாள், 4-ஐ எழுத மறந்தாள்.' அடுத்த நாள் எங்கே தொடங்குவது என்பதை இந்த வரிதான் சொல்லும்.

வெளியே வரும் நாளில், அதே வகைக் கணக்கை முழு வகுப்பின் நடுவில், குச்சி இல்லாமலும் ஒரு முறை, வேண்டுமானால் குச்சியோடும் ஒரு முறை செய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மேசையில் வந்தது வகுப்பிலும் வருகிறதா என்று அப்போது தெரியும். வரவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம். 52 − 17 வந்தபின் 50 − 17 கொடுத்துப் பாருங்கள். பூஜ்யம் இருக்கும் இடத்தில் பழைய விதி மறுபடி தலைகாட்டி 47 என்று விடை வந்தால், அடுத்த குழுவின் பாடம் கிடைத்துவிட்டது.